ஓடைக்கரையில் ஓர் அரிக்கன்சட்டி

திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தில் இறைவன் அருளிய 12,000 பொன்னையும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூருக்குத் திரும்பினார். பிறகு கமலாலயத் திருக்குளத்தில் இறங்கி அப்பொன்னைத் தேடினார். கரையில் நின்ற பரவையார் நகைத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதென்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெரியபுராணம் கேட்டு வளர்ந்த அன்பர்களுக்கு இவ்வரலாறு புதிதன்று. ஆயினும் நீருக்குள் கைவிட்டுச் சேற்றைத் துழாவித் துழாவி, வெறுங்கையோடு நிமிரும் அந்தக் கணம் எப்படி இருந்திருக்கும் என்று அடியேன் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆடி மாதம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஓடைக்கரையில், எலும்பைத் துளைக்கும் குளிரில், முழங்கை வரை நனைந்தபடி நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

மெல்போர்ன் நகரில் வசிக்கும் மகனின் இல்லத்திற்கு நானும் என் மனைவியும் மூன்று மாதங்களுக்காகச் சென்றிருந்தோம். நம் ஊரில் ஆடிக் காற்று வீசும் காலம் அங்கே கடுங்குளிர்காலம். வசதிக்குக் குறைவில்லை. வசதி மிகுந்திருந்ததே என் மனைவிக்குக் குறையாகிவிட்டது. அந்த வீட்டுச் சமையலறையில் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அரிசி கல் இல்லாமல் மூட்டையில் வருகிறது. பருப்பைப் புடைக்க வேண்டியதில்லை. பாத்திரங்களை இயந்திரம் துலக்குகிறது. இரண்டு ஆண்டுகளாக அவளுடைய வலக்கை மணிக்கட்டில் ஒரு நடுக்கம் இருக்கிறது. பெரிய நோய் அன்று என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் அவள் ஒரு கிண்ணத்தைத் தூக்கினாலும் மருமகளோ மகனோ ஓடிவந்து, "கொடுங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாங்கிக்கொள்வார்கள். அன்பினால் சொல்லும் சொல்தான். அதனை நாளைக்கு ஐந்து முறை கேட்டால் எப்படியிருக்கும் என்பதை நம் வயதினர் அறிவர்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் தெருக்கோடி மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பது வழக்கம். அதற்கான கேழ்வரகையும் நொய்யையும் கல் நீக்கி அரித்துத் தருவது 31 ஆண்டுகளாக என் மனைவியின் பொறுப்பு. இவ்வாண்டு அதனை அடுத்த வீட்டு அம்மாள் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் அவரை அழைத்து, "கல் அரித்தாயிற்றா, எத்தனை தண்ணீர் விட்டீர்கள்" என்று கேட்டுவிட்டு, இவள் நீண்ட நேரம் சன்னலருகே அமர்ந்திருப்பாள்.

இந்நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மகன் எங்களை பல்லாரட் நகருக்கு அழைத்துச் சென்றான். மெல்போர்னுக்கு வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம். 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியவுடன் உலகின் நாற்றிசைகளிலிருந்தும் மக்கள் கப்பலேறி வந்தனர். குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு வந்தார். மாலுமி கப்பலையே விட்டுவிட்டு வந்தார். 1858-இல் அவ்வூரின் பேக்கரி ஹில் என்னும் மேட்டில் கிட்டத்தட்ட 69 கிலோ எடையுள்ள ஒரே பொன்கட்டி கிடைத்தது. 1869-இல் அதே மாநிலத்தின் மொலியாகுல் என்னும் இடத்தில் அதனினும் பெரிய கட்டி ஒன்று, மரவேரின் அருகே, தரையிலிருந்து ஓரிரு விரற்கடை ஆழத்தில் அகப்பட்டது. அதனை நிறுக்கத் தக்க தராசு அங்கே இல்லாமையால், கொல்லனின் பட்டடைக்கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்களாம்.

இப்படிக் கிடைத்தவர் சிலர், கிடைக்காதவரே பலர். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆளுக்கு மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்றது அன்றைய அரசு. வெறுங்கையோடு நிற்பவனிடம் வரி கேட்டால் என்ன ஆகும்? 1854 டிசம்பர் 3-ஆம் நாள் விடியற்காலையில் யுரேகா என்னுமிடத்தில் தொழிலாளர் அமைத்த மரவேலியின் மீது படை பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கடுத்த ஆண்டு அந்த மாதக் கட்டணம் ஒழிந்தது.

அக்காலத்துப் பல்லாரட்டை அப்படியே மீண்டும் எழுப்பி, சாவரின் ஹில் என்ற பெயரில் 1970 முதல் காட்சியூராக நடத்தி வருகிறார்கள். மரப்பலகைக் கடைகள், குதிரை வண்டிகள், சுரங்கம், தங்கத்தை 1,064 பாகை வெப்பத்துக்கு மேல் உருக்கி வார்த்துக் காட்டும் கூடம் என்று பலவும் உண்டு. கூட்டம் அதிகம் கூடுவது என்னவோ ஊர் நடுவே ஓடும் சிற்றோடையின் கரையில்தான். நுழைவுச் சீட்டு வாங்கியவர் எவரும் அங்கே மண்ணை அரித்துப் பொன் தேடலாம். கிடைப்பதை வீட்டிற்குக் கொண்டு செல்லலாம். மண்வாரியும் தட்டும் அவர்களே தருகிறார்கள்.

பேரனுக்கு ஒன்பது வயது. அவனும் நானும் தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினோம். என் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மரப்பலகை மீது அமர்ந்தாள். பழங்கால உடையணிந்த பணியாளர் ஒருவர் முறையை விளக்கினார். தட்டில் சரளையோடு மணலை அள்ள வேண்டும். நீரில் அமிழ்த்தி, பெரிய கற்களைக் கழுவி எறிய வேண்டும். பிறகு தட்டை மட்டமாக வைத்து இடவலமாகக் குலுக்க வேண்டும். மணலைக் காட்டிலும் பொன் ஏறத்தாழ ஏழு மடங்கு எடை மிக்கது. நீரின் எடையை 1 என்று கொண்டால் சாதாரண மணல் 2.65, பொன் 19.3. ஆகவே குலுக்கக் குலுக்கப் பொன் அடியில் இறங்கிவிடும். அதன்பின் தட்டைச் சாய்த்து, மேல்மணலை நீரோடு சிறிது சிறிதாக வழியவிட வேண்டும். மறுபடி குலுக்க வேண்டும். மறுபடி வழியவிட வேண்டும். இறுதியில் ஒரு கைப்பிடிக் கருமணல் எஞ்சும். பொன் இருந்தால் அதற்குள்தான் இருக்கும்.

கேட்பதற்கு எளிதாயிருந்தது. ஒரு மணி நேரம் முயன்றோம். நான் வேகமாகச் சாய்த்ததில் அனைத்தும் ஓடையோடு போயிற்று. பேரன் சாய்க்கவே அஞ்சியதால் அவன் தட்டில் மணல் குறையவேயில்லை. குனிந்து குனிந்து என் இடுப்பு மடங்கிவிட்டது. நீரோ பனிக்கட்டியை உருக்கிவிட்டது போலிருந்தது. பொன் தேடித் திரைகடல் ஓடியவர்களின் மீது அடியேனுக்கு அன்றுதான் உண்மையான மரியாதை பிறந்தது. அவர்களுக்கு மாலையில் திரும்பிச் செல்ல வெந்நீர்க் குழாயுள்ள வீடு இருக்கவில்லை.

"என்னங்க, அரிக்கத் தெரியாமல் அள்ளி அள்ளிக் கொட்டுகிறீர்களே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்து வந்திருந்தாள். தட்டை என் கையிலிருந்து வாங்கி உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். அதன் உள்விளிம்பில் வரிவரியாக மேடுகள் இருக்கும். வழியும் மணலோடு பொன்னும் போய்விடாமல் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. "இது அரிக்கன்சட்டி அல்லவா?" என்றாள்.

இளைய தலைமுறையினருக்காகச் சொல்கிறேன். கல்லும் மண்ணும் கலந்த அரிசி வந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் அரிக்கன்சட்டி என்றொரு மண்சட்டி இருந்தது. அதன் உட்சுவரில் சுற்றிலும் வரிகள் இருக்கும். அரிசியையும் நீரையும் அதில் இட்டுச் சுழற்றி ஆட்டினால், அரிசி நீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்தில் விழும். கல் அடியில் தங்கி வரியில் சிக்கிக்கொள்ளும். திருமணமாகி வந்த நாள் முதல் என் மனைவி அதனை ஆட்டியிருக்கிறாள். நான் அவள் சமைத்ததை உண்டிருக்கிறேனே தவிர, அந்தக் கை எப்படிச் சுழன்றது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மகன் வழக்கம்போல ஓடிவந்து, "அம்மா, தண்ணீர் மிகவும் குளிரும், கொடுங்கள்" என்றான். அவள் கொடுக்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மடக்கு நாற்காலி ஒன்றை நீரோரம் இழுத்துப் போடச் செய்து அமர்ந்தாள். தட்டு சுழன்றது. என் தட்டில் மணல் கலங்கிற்று. அவள் தட்டில் அது அலையலையாக மடிந்து படிந்தது. நுண்ணிய மணலைப் பிரிக்கும் கட்டத்தில் தட்டின் விளிம்பை விரலால் தட்டித் தட்டிச் சிறிது நடுங்கச் செய்ய வேண்டும் என்று அந்தப் பணியாளர் சொன்னதை மகன் தமிழில் எடுத்துரைத்தான். "அதற்கு என் கையே போதும்" என்றாள். இரண்டாண்டுகளில் தன் நடுக்கத்தைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டு பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவளே கோபித்துக்கொள்வாள். மேல்மணலை அவள் ஓடையில் விடவில்லை. பழக்கத்தின்படி பேரனின் தட்டில் ஒரு துளி சிந்தாமல் பக்குவமாக வடித்துச் சேர்த்தாள். பிறகு அடியில் நின்ற கருமணலைக் கரையில் வீசுவதற்குக் கையை ஓங்கினாள்.

"பாட்டி! அதுதான் பொன்!" என்று பேரன் அலறினான். ஓடைக்கரையே திரும்பிப் பார்த்தது.

அரிசியில் மேலே வருவதை வைத்துக்கொண்டு அடியில் நிற்பதை எறிவோம். இங்கே மேலே வருவதை எறிந்துவிட்டு அடியில் நிற்பதை வைத்துக்கொள்ள வேண்டும். வேலை ஒன்றே, வேண்டுவதுதான் வேறு. அவள் ஒரு கணம் தட்டையே பார்த்தாள். பிறகு சிறிதளவு நீர் விட்டுக் கருமணலை விசிறி போல விரித்தாள். அதன் நுனியில், கடுகில் கால் பங்கு இருக்குமோ இராதோ, மஞ்சளாக ஒரு பொட்டு. அதனருகே இன்னொன்று.

மூன்று தட்டு மணலை அரித்து ஐந்து பொட்டுகள் எடுத்தாள். ஈரமில்லாத விரல் நுனியால் அழுத்தினால் பொட்டு ஒட்டிக்கொள்ளும். நீர் நிறைந்த சிறு கண்ணாடிக் குப்பியின் வாயில் அவ்விரலை வைத்தால் உள்ளே இறங்கிவிடும். ஐந்தும் சேர்ந்தால் என்ன விலை போகும் என்று மகன் கேட்டான். ஒரு குவளை காப்பிக்குக் காணாது என்று பணியாளர் சிரித்தார்.

பேரனுக்கு ஓர் ஐயம் பிறந்தது: "இது உண்மையான தங்கம்தானா?" நியாயமான கேள்வி. காக்கைப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகம் மணலில் தகதகக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒருவகைக் கல்லும் பொன்போல மின்னி ஏமாற்றும். அவை வெயில் படும் பக்கத்தில் மட்டும் பளிச்சிட்டு, நிழலில் மங்கிவிடும். பொன் நிழலிலும் அதே மஞ்சள்தான். ஊசியால் அழுத்தினால் போலி நொறுங்கும், பொன் வளைந்து கொடுக்கும். சுந்தரருக்குக் குளத்தில் கிடைத்த பொன்னும் முதலில் மாற்றுக் குறைந்திருந்தது என்பதையும், பின்னர் அவர் பாடி மாற்று நிறைவுற்றதையும், குளக்கரையில் இன்றும் மாற்றுரைத்த விநாயகர் எழுந்தருளியிருப்பதையும் அவனுக்குச் சொன்னேன். பிள்ளையார் பொன்னை உரைத்துப் பார்த்தார் என்பது அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் மகன், மெய்யைச் சொல்லி வளர்க்க வேண்டும் என்னும் கொள்கையினன். "ஓடையில் இருக்கும் பொன்துகளை இங்கே பணிபுரிவோர்தாம் அவ்வப்போது தூவுகிறார்கள்" என்று சொல்லிவிட்டான். உண்மைதான், அவர்களும் அதை மறைப்பதில்லை. நாள்தோறும் இத்தனை பேர் அரிக்கும் ஓடையில், போடாமல் எப்படி இருக்கும்? குழந்தையின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் நாம் கண்டுபிடிக்கவில்லை, தாத்தா. அவர்கள் போட்டார்கள், நாம் எடுத்தோம்."

மணிமுத்தாற்றில் இட்டதும் கமலாலயத்தில் எடுத்ததும் ஒருவரே என்றாலும், ஆற்றிலிருந்து குளத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தவர் வேறொருவர் அல்லவா என்று தொடங்கினேன். அவன் என்னை ஐயத்தோடு பார்த்தான். உண்மையைச் சொன்னால் எனக்கே அந்த விடை முழுமையாகப் படவில்லை. என் மனைவிதான் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி சொன்னாள்: "போட்டது யாராயிருந்தால் என்ன? இத்தனை பேர் அள்ளிக்கொண்டிருக்கிறார்களே, எத்தனை பேருக்குக் கிடைத்தது?" அதில் வேதாந்தம் ஒன்றுமில்லை, சற்றே பெருமைதான் இருந்தது. அந்தப் பெருமையை அவள் குரலில் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

பகலுணவுக்குப் பின் சீனர் குடியிருப்பைப் பார்த்தோம். சீனாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொருவர் மீதும் 1855-இல் விக்டோரியா அரசு 10 பவுண்டு வரி விதித்தது. அதனைத் தர இயலாமல் பல்லாயிரவர் அடுத்த மாநிலத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, சுமார் 400 கிலோமீட்டர் தொலைவு சுமையோடு நடந்தே வந்திருக்கிறார்கள். அத்தனை வறுமையிலும் அவர்கள் முதலில் அமைத்துக்கொண்டவற்றுள் ஒன்று வழிபாட்டிடம். அதன் மாதிரி அங்கே இருக்கிறது. உள்ளே ஊதுவத்தி மணக்கிறது. வேற்று நாட்டவர் தெய்வம் என்று எண்ணாமல் என் மனைவி வாசலில் நின்று கைகூப்பினாள்.

இந்த மண்ணுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராயிருந்த பிரஃப் ஸ்மைத் என்பவரை, 1880-ஆம் ஆண்டை ஒட்டி, நம் நாட்டு ஆங்கில அரசு அழைத்து, இன்றைய நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பொன் உண்டா என ஆராயச் சொன்னது. அங்குள்ள ஓடைகளில் மலைமக்கள் நெடுங்காலமாகவே பொன் அரித்து வந்தவர்கள். அவருடைய அறிக்கை வந்ததும் இலண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்துப் பங்குகளை விற்றன. சில ஆண்டுகளில் அனைத்தும் சரிந்தன. பொன் இருந்தது, செலவுக்குக் கட்டும் அளவில் இல்லை. போட்டவர் கையும் எடுத்தவர் கையும் ஒன்றாக அமையாத கதை அது.

பிள்ளைகளைக் காண அந்நாடு செல்லும் அன்பர்கள் பலர் இருப்பதால் சில குறிப்புகள். சாவரின் ஹில் மேடும் பள்ளமுமான ஊர். முழங்கால் வலியுள்ளோர் மெல்ல நடக்கவும். சூன் முதல் ஆகஸ்டு வரை குளிர் கடுமை. மாற்றுக் காலுறை ஒன்று கைப்பையில் இருப்பது நலம். ஓடையில் காலை நேரத்தில் கூட்டம் குறைவு. மடக்கு நாற்காலியை மறவாதீர்கள், குனிந்து செய்தால் மறுநாள் எழ முடியாது. காட்சியூர் வேண்டாம், தூவாத பொன்னைத்தான் தேடுவேன் என்னும் துணிவுள்ளவர்கள், மைனர்ஸ் ரைட் என்னும் உரிமத்தை ஒரு சிறு கட்டணத்திற்கு வாங்கினால், அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அனுமதியுள்ள அரசு நிலங்களில் கைக்கருவிகளால் தேடலாம், கிடைப்பது தேடியவருக்கே. உரிமக் கட்டணத்துக்காக உயிர்விட்டவர்களின் ஊரில் இன்று நிலைமை இது.

மறுவாரம் காரம் டவுன்ஸ் ஸ்ரீ சிவா விஷ்ணு ஆலயத்திற்குச் சென்றோம். குப்பியை உண்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் எண்ணம். பள்ளியில் காட்ட வேண்டும் என்பது பேரனின் எண்ணம். வழியெல்லாம் வழக்கு நடந்து, இரண்டு பொட்டு சுவாமிக்கு, மூன்று பேரனுக்கு என்று முடிந்தது. இரண்டையும் மஞ்சள் தடவிய தாளில் மடித்து, அந்தத் தாளை ஒரு நோட்டில் சுற்றி உண்டியலில் இட்டாள். எண்ணுபவர் கண்ணில் அது பட்டிருக்குமோ என்னவோ.

அன்று மாலை அடுத்த வீட்டு அம்மாளிடமிருந்தே அழைப்பு வந்தது. கூழ் வார்த்தாகிவிட்டது, கூட்டம் நிறைய, ஆனால் இரண்டொருவர் பல்லில் கல் கடித்ததாகச் சொன்னார்கள் என்று வருத்தப்பட்டார். என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை எப்படிச் சுழற்ற வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், கடைசிக் கை நொய்யை ஏன் அவசரப்பட்டு வடிக்கக் கூடாது என்றெல்லாம் கால் மணி நேரம் விளக்கினாள். முடிவில் அந்த அம்மாள், "நீங்கள் அங்கே பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

"இங்கேயா? மண் அரித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.